லீவு கேட்காத மருந்து

ரெஜினா அக்காவைக் கொன்றது எங்கள் கம்பெனி. காளான் கொன்றது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள், அல்லது யாரோ சொன்ன பொய்யை வாங்கித் திருப்பிச் சொல்கிறார்கள்.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அக்காவின் தங்கை ஸ்டெல்லா இன்னும் அங்கேதான் தைக்கிறார். பெயர் வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். தாம்பரத்துக்குப் பக்கத்தில், தோல் கையுறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அது போதும்.

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை காலையில். டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ச்மேன் உள்ளே வந்து ஸ்டெல்லாவின் தோளைத் தட்டினார். வாசல் கேட்டுக்கு வெளியே அக்காவின் கணவர் ஆரோக்கியம் அண்ணன், பெயிண்ட் காய்ந்த வேலைச் சட்டையோடு நின்றிருந்தார். போன ஸ்டெல்லா திரும்பி வரவில்லை. அவருடைய மெஷினில் ஊசி ஒரு கையுறையின் கட்டைவிரலில் குத்தியபடியே நின்றது. சூப்பர்வைசர் வந்து ஊசியைத் தூக்கி, கையுறையை உருவி, பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் கூடத்தில் நான் மெஷின் மெக்கானிக். மெஷின் நின்றால் எனக்குத்தான் முதலில் தெரியும். அன்று ஒன்றைத் தவிர எதுவும் நிற்கவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கையுறையில் கஷ்டமான இடம் கட்டைவிரல். அது வளைந்து உட்கார வேண்டும். ஒரு தையல் தள்ளிப்போனால் முழுக் கையுறையும் வீண். கம்பெனி தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து கட்டைவிரல் வைத்தவர் ரெஜினா அக்கா. நான் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நல்ல பேர் வாங்கும் ஆசையில் அவர் மெஷினுக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். அன்றைய முதல் கையுறை எண்ணெயில் நனைந்து வெளியே வந்தது. அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இன்னா தம்பி, இது மெஷினா, வடை சட்டியா?" வரிசை முழுக்கச் சிரித்தது. பிறகு அவரே தோலைத் துடைத்து, சூப்பர்வைசர் கண்ணில் படாமல் கையுறை அடுக்கின் அடியில் வைத்துவிட்டார்.

எல்லோரும் பயந்த இடத்தில் அவர் பேசுவார். ஒரு காலத்தில் பெண்கள் கழிப்பறைச் சாவியைச் சூப்பர்வைசர் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். அக்கா ஒருநாள் நேராக மேனேஜர் அறைக்குப் போய், எங்கள் சாவி கிடைக்கிறவரை உங்கள் கழிப்பறைச் சாவியைக் கொடுங்கள் சார் என்று கேட்டார். மறுநாளிலிருந்து சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. எப்படி அக்கா தைரியம் வந்தது என்று கேட்டேன். "கேட்டா குடுக்க மாட்டான். கேக்காம இருந்தா, குடுத்துட்டேன்னு சொல்லிகினு திரிவான். அதுக்குக் கேட்டுடறதே மேல்" என்றார்.

இத்தனை வருஷம் உழைத்தும் அவர் டெம்பரரிதான். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி, சில நாள் கழித்துப் புதிதாகச் சேர்ப்பதுபோலச் சேர்ப்பார்கள். அதனால் யாருக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. காய்ச்சல் வந்தால் அவரவர் பாடு.

இனி காளானுக்கு வருகிறேன். சேலையூரில் அக்கா வீட்டுக்குப் பின்சந்தில் பொன்னம்மா என்பவர் இருக்கிறார். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். மழைக்காலத்தில் வேலை இருக்காது. அப்போது வண்டலூர் பக்கம் புதர்க்காட்டில் அலைந்து, கரையான் புற்றுகளில் முளைக்கும் வெள்ளைக் காளானைப் பறித்து வருவார். தின்னக்கூடியது எது, கூடாதது எது என்று பிரித்துவிட்டு, நல்லதைச் சாக்கில் உலர்த்திப் பொடியாக்கி வைப்பார். அந்தத் தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கும் அதைப் போட்டுத்தான் கஞ்சி. அக்காவின் இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் மிகவும் போய்விட்டது. அந்தக் கஞ்சியில்தான் எழுந்து உட்கார்ந்தேன் என்று அவர் சொல்வார்.

எனக்கு இந்த மாதிரி வைத்தியங்களில் நம்பிக்கை இல்லை. பசித்த உடம்புக்கு எந்தச் சோறு போட்டாலும் தேறும், அதற்குக் காளான்தான் வேண்டுமென்று இல்லை என்று வாதாடினேன்.

"வாஸ்தவம்தான். அந்தச் சோறு அப்போ எங்க தம்பி இருந்துச்சு?" என்றார்.

சில வருஷம் கழித்து அவர் மார்பில் கட்டி வந்தது. ஒரு சீசன் முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கேம்ப் ரோட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனார். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, புற்று மாதிரித் தெரிகிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு பார்ப்பது செவ்வாய்க்கிழமை. எங்கள் கம்பெனியில் செவ்வாய்க்கிழமைதான் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் வந்து கையுறைகளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் நாள். அன்று கட்டைவிரல் வைக்கிறவர் வராவிட்டால் மேனேஜருக்கு வேலை நடக்காது.

அக்கா லீவு கேட்டார். மேனேஜர் மரியாதையாகவே பேசினார். எந்த நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளம்மா, செவ்வாய் மட்டும் கேட்காதே என்றார். நோய் என்ன என்பதையும் அக்கா சொன்னார். ஷிப்மென்ட் போகட்டும், பார்க்கலாம் என்றார். ஒரு ஷிப்மென்ட் போனால் அடுத்தது வரும். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கேட்காமலே ஆஸ்பத்திரிக்குப் போனார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றார்கள். புதன்கிழமை வேலைக்கு வந்தபோது கேட்டிலேயே நிறுத்தப்பட்டார். அடுத்த திங்கள் வரை வெளியே நின்று, இனி செவ்வாய்க்கிழமை வராமல் இருக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். கழிப்பறைச் சாவியை வாங்கிக் கொடுத்த மனுஷி அன்று தலையைக் குனிந்துகொண்டு தன் மெஷினுக்கு நடந்து வந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெயிண்ட் வேலை மழைக்காலத்தில் கிடையாது.

அதன் பிறகுதான் காளான்.

பொன்னம்மா முதலில் கொடுக்க மறுத்தார். இதை நான் ஸ்டெல்லாவிடமும் ஆரோக்கியம் அண்ணனிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இது பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் கிடந்தவனுக்கு. அந்த நோய்க்குக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை என்று அழுதிருக்கிறார். அக்கா விடவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு சொல். டாக்டர் புற்று என்றார். காளான் முளைப்பது புற்றில்.

"பேர்லயே கீதுல்ல தம்பி. புத்துல மொளைக்கிறது புத்துக்கு ஆவும்."

எனக்குக் கோபம் வந்தது. கரையான் கட்டுவதும் புற்று, உடம்பில் வருவதும் புற்று. பெயர் வைத்தவன் பார்த்த சாயல் அது, மருந்துச் சீட்டு இல்லை என்று கத்தினேன். "இங்கிலீஷ்காரன் இதுக்கு கேன்சர்னு, அதாவது நண்டுன்னு பேர் வெச்சிருக்கான். நண்டு ரசம் குடிச்சா போயிடுமா?"

"நண்டு ரசம் சளிக்கு நல்லது" என்றார். அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர் செவ்வாக்கெழமதான் வரச் சொல்றாரு. காளான் லீவு கேக்காது தம்பி."

விடியலில் எழுந்து, கஞ்சியில் பொடியைப் போட்டுக் குடித்துவிட்டு, ஷிப்டுக்கு வந்துவிடலாம். கம்பெனி அனுமதித்த ஒரே வைத்தியம் அதுதான்.

நாங்கள் சிலர் மேனேஜரிடம் போனோம். அவர் டீ வரவழைத்தார். ஷிப்மென்ட் போகட்டும் என்றார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னம்மாவிடம் பொடி தீர்ந்துவிட்டது. பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக, வெள்ளைச் சேலையோடு, பொன்னம்மாவையும் கூட்டிக்கொண்டு அக்கா காளான் தேடக் கிளம்பினார். மூச்சு வாங்குகிறது, கூடப் போய் வா என்று ஆரோக்கியம் அண்ணன் என்னை அனுப்பினார். வண்டலூர் தாண்டி, பொன்னம்மா வழக்கமாகப் பறிக்கும் காடு மனைப்பிரிவு ஆகியிருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள், கலர்க் கொடிகள். புற்றுகளையெல்லாம் மண் தள்ளும் மெஷின் தரையோடு தரையாக்கியிருந்தது. ஒன்று மட்டும் நின்றது. அதற்கு யாரோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். டிரைவருக்கு அதை இடிக்கத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. அதன் அடிவாரத்தில்தான் காளான்கள் வெள்ளை வெள்ளையாக நின்றன.

பொன்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் வைத்த புற்றில் அவர் கை வைப்பதில்லை. அவருடைய அம்மாவும் வைத்ததில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்றார். வேறு இடம் இல்லை என்பது மூவருக்கும் கண்ணெதிரே தெரிந்தது.

"ஒங்க சாமி என்கிட்ட கோச்சுக்குமா இன்னா? நான் கேட்டே எடுத்துக்கறேன்" என்றார் அக்கா. அவரும் செருப்பைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார். குனிந்து புற்றிடம் ஏதோ முணுமுணுத்தார். பெரியவற்றை மட்டும் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, சின்னதுகளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்த வருஷம் அவர் கேட்டு, மறுப்பு வராத ஒரே இடம் அந்தப் புற்றுதான்.

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. தை மாதத்தில் வலது கை வீங்கியது. கட்டைவிரல் வளைவில் தோலைத் திருப்ப முடியவில்லை. கையுறைகள் திரும்பி வந்தன. அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாச் செவ்வாய்க்கிழமையும் அவருக்குச் சொந்தம். ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று டாக்டர் திட்டியபோது, லீவு கிடைக்கவில்லை டாக்டர் என்றாராம். டாக்டர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வலிக்கு மட்டும் மருந்து எழுதினார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது பாயில் சாய்ந்திருந்தார். ஆரோக்கியம் அண்ணன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் காட்டி, "வூட்ல ஆரோக்கியம் கீது தம்பி, ஒடம்புலதான் இல்ல" என்றார். அண்ணன் சிரிக்க முயன்று, எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது அக்கா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "காளானால ஒண்ணும் ஆவலன்னு எனக்கு எப்பவோ தெரியும். சும்மா குந்திகினு சாவறதுக்கு எதுனா ஒண்ணு பண்ணணும்ல? பொன்னம்மாவ யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நீ பாத்துக்க."

அந்த ஒன்றைக்கூட நாங்கள் காப்பாற்றவில்லை. சாவு வீட்டில் உறவுக்காரர்கள் பொன்னம்மாவை உள்ளே விடவில்லை. மஞ்சள் வைத்த புற்றில் கை வைத்ததால் வந்த வினை என்று ஒரு கட்சி. கண்டதையும் தின்னக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று இன்னொரு கட்சி. அவர் எதிர்ச்சாரியில், ஒரு கட்டடத்தின் செங்கல் அடுக்கு ஓரமாக நின்று, பெட்டி போவதைப் பார்த்தார். ஆரோக்கியம் அண்ணன்தான் ஊர்வலத்தை நிறுத்தி, ரோட்டைக் கடந்து போய், அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிகிறபோது இரங்கல் கூட்டம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவின் படம், மாலை. மேனேஜர் பேசினார். ரெஜினா நல்ல தொழிலாளி என்றார். ஆனால் மூடநம்பிக்கைக்குப் பலியாகிவிட்டார், காளானை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டார், இது உங்கள் எல்லோருக்கும் ஒரு பாடம், உடம்புக்கு ஏதாவது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். பேசியதை அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா, நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மெஷினுக்கு நான் எண்ணெய் குறைவாகத்தான் விடுகிறேன். காளானைப் பற்றி உங்களோடு போட்ட சண்டையில் நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன பயன்? போய் வாருங்கள் அக்கா. நீங்கள் சொன்னபடி நான் கேட்டுவிட்டேன்.

மேனேஜர் பேசி முடித்ததும் எழுந்து கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு வேணும் சார். போயிட்டு வந்தா புதன்கிழமை கேட் தொறந்திருக்கணும். இத இப்பவே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சட்டென்று தலைநிமிர்ந்து பார்த்தார். அவர் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மேனேஜர் படத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, எத்தனை பெட்டி பாக்கி என்று கேட்டார். மணி அடித்தது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே நான் இன்னொரு முறை கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை லீவு உண்டா, இல்லையா சார்?"