மூன்றாவது தரம் வராத ஏலம்

அம்பலவாணன் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் மீன் ஏலம் போட்டால் காரைக்கால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அது பொய். ஆனால் அலைச் சத்தம், காக்காய், கூடைக்காரிகளின் சண்டை எல்லாவற்றையும் ஒரே ஆளாக அமுக்கிவிடுவார் என்பது நிஜம். குட்டையான மனிதர், தடித்த கழுத்து. விலை ஏற ஏற அவர் நெற்றியோரத்தில் ஒரு நரம்பு புடைத்து எழும். "நரம்பு எந்திரிச்சிருச்சுப்பா, இனிமே கீழ எறங்க மாட்டாரு" என்று வியாபாரிகள் சிரிப்பார்கள். அந்த நரம்பைக் கரையே ரசித்தது.

அவரிடம் ஒரு வித்தை உண்டு. கடைசியாக வந்த விலையைச் சொல்லி "ஒரு தரம்" என்பார். மறுபடி விலையைச் சொல்லி "ரெண்டு தரம்" என்பார். அதோடு வாயை மூடிக்கொண்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ஏதோ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர் போல முகத்தைத் துடைப்பார். கடலைப் பார்ப்பார். மூன்றாவது தரம் லேசில் வராது. யாராவது ஒருவருக்குப் பொறுமை அறுந்து இன்னொரு ரூபாய் ஏற்றிவிடுவார். எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். தெரிந்தே தினமும் மாட்டிக்கொண்டார்கள்.

அவர் மனைவி தையல்நாயகி ஏல வட்டத்துக்கு வெளியே கூடையோடு நிற்பாள். வட்டத்துக்குள் மொத்த வியாபாரிகள் மட்டும்தான் விலை கேட்பார்கள். பெண்கள் அங்கே வாய் திறக்கிற வழக்கம் இல்லை. ஏலம் முடிந்ததும் எடுத்தவரிடம் கூறு வாங்கிக்கொண்டு குரும்பகரம், வரிச்சிக்குடி என்று நடப்பாள். எல்லோரும் மீனைப் பார்க்கும்போது அவள் மட்டும் அந்த நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒரு காலையில், வவ்வால் மீன் குவியலை ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துண்டால் பொத்திக்கொண்டு ஏலத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். "சூடு. வெளியேறினது நல்லதுதான்" என்றார்கள். தையல்நாயகிக்கு மனசு ஒப்பவில்லை. பேரளம் ரயிலில் சொந்தக்காரர் வருகிறார், கூட்டிவர வேண்டும் என்று பொய் சொல்லிக் கிளப்பி, டவுன் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. டாக்டர் நம்பாமல் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார்.

"தலைவலி உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. கல்லு மாதிரி இருக்கேன்."

"அதுதான் வம்பு. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு. பேருதான் கொதிப்பு, சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரத்தம் குழாயில ரொம்ப அழுத்தமா ஓடுது. அழுத்தம் இப்படியே இருந்தா ஒரு நாள் மூளையில ஒரு குழாய் வெடிச்சுப்போவும். கை காலு விழும், பேச்சு போவும். நீங்க கூவி விக்கிறவரு. இது கூவாம வர்றது."

சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மாத்திரை என்று ஒரு புட்டியைக் கொடுத்தார். தினமும் சாப்பிட வேண்டும். மூக்கு அடைக்கும், மந்தமாக இருக்கும். தாங்கமுடியாவிட்டால் வந்து சொன்னால் அளவைக் குறைக்கலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். கருவாடு, ஊறுகாய் கூடாது. சோற்றில் உப்பைக் குறை. புகையிலையை விடு.

உப்புதான் பெரிய போர். ஏலத்துக்குப் போகும் முன் ஒரு சொம்பு நீராகாரத்தில் கை நிறைய உப்பைப் போட்டுக் கலக்கிக் குடிப்பது அவர் வழக்கம். தொண்டை திறக்குமாம்.

"டாக்டரு வேணாம்னாருல்ல?"

"அந்த ஆளு ஒரு நாளாவது கரையில நின்னு கத்தியிருப்பானாடி?"

அவள் உப்பு ஜாடியை ஒளித்துவைத்தாள். கடலோரத்தில் உப்பை ஒளித்து என்ன பயன்? பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் வேலிக்கு மேல் நீட்டினாள். குப்பத்தில் நடக்கிற பாதையெல்லாம் கருவாடு காய்ந்தது.

மாத்திரை மட்டும் ஒழுங்காக உள்ளே போனது. அவளே எடுத்துக் கொடுத்து, விழுங்குகிறவரை நின்றாள். பங்குனியில் மறுபடி அளந்த டாக்டர், "எறங்கியிருக்கு. மாத்திரையாலதான் எறங்கியிருக்கு" என்றார். அம்பலவாணன் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. கரையில் ஒரு தடவை இறங்கிய விலை அன்றைக்கு ஏறுவதில்லை. தன் நோயும் அப்படித்தான், இனி ஏறாது என்று முடிவு கட்டினார்.

ஆனால் குரல் மாறியிருந்தது. மூக்கடைத்து, பானைக்குள்ளிருந்து வருவது போல. வித்தைக்காக நிறுத்தும்போது நிஜமாகவே கண் சொக்கியது. "என்ன அம்பலம், தாலாட்டுப் பாடுறியா?" என்றார் தாவூது பாய். காரைக்காலிலிருந்து வந்து ஐஸ் பெட்டியில் மீன் அனுப்புகிற வியாபாரி. அம்பலவாணனின் பரம எதிரி, பரம சிநேகிதர். கூட்டம் சிரித்தது. நரம்பு எழவில்லை. விலையும் எழவில்லை.

சித்திரையில் கோலா மீன் வந்தது. கோலா என்றால் ஆழக்கடலுக்குப் போய்த் தங்கி அள்ளிவர வேண்டும். அந்தச் சில வாரங்களின் வரும்படிதான் குப்பத்துக்கு வருஷம் முழுக்கச் சோறு. கட்டுமரச் சொந்தக்காரன் தெட்சிணாமூர்த்தி வீட்டுக்கு வந்து நின்றான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நாங்க உசுரக் குடுத்துப் புடிச்சிட்டு வாரோம். நீங்க மூக்கால கூவினா எவன் வெல குடுப்பான்?"

"எல்லாம் இந்த மாத்திரையாலப்பா. என்ன பண்ணச் சொல்ற?"

"கோலா முடியற வரைக்கும் நிறுத்திவைங்களேன். அப்பறம் ரெட்டிப்பா சாப்புட்டுக்குங்க. அத்தை, நீங்க சொல்லுங்க."

தையல்நாயகி, "டவுனுக்குப் போயி டாக்டரக் கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

"போயி வர்றதுக்குள்ள கட்டுமரமெல்லாம் கரைக்கு வந்துரும் அத்தை."

வாசலில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தன் தையல்நாயகியின் தம்பி; அவனும் கோலாவுக்குப் போகிறவன். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பழைய குரலுக்காக அந்த முகம் ஏங்கிக் கிடந்தது. "கோலா முடியற வரைக்குந்தானே?" என்றாள். புட்டி மாடத்துக்குப் போனது.

குரல் திரும்பியது. நரம்பும் திரும்பியது. கரை கொண்டாடியது, அம்பலவாணன் வீட்டுக்கு வரும்போதே பாடிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் மட்டும் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் வெயில் என்பார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரு நாள் காலை நீராகாரச் சொம்பு அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரத்துப்போச்சு. இந்தா, சரியாயிருச்சு பாரு."

"கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அதற்குள் கரையிலிருந்து கூப்பாடு. தெட்சிணாமூர்த்தியின் கட்டுமரங்கள் வந்துவிட்டன; அந்த வருஷத்துக்கே பெரிய மீன்பாடு. "முடிச்சுட்டுப் போவோம்டி" என்று அவர் வேகமாக நடந்தார். அவள் கூடையைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினாள்.

குவியல் வெள்ளியாய்க் கிடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு புது வியாபாரி வந்திருந்தார்; அவரும் தாவூது பாயும் மாறி மாறி ஏற்றினார்கள். அம்பலவாணனின் குரல் அலையை அறைந்தது. மற்றவர்கள் ஒதுங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

"நூத்திப்பத்து! ஒரு தரம்! நூத்திப்பத்து! ரெண்டு தரம்!"

நிறுத்தினார். கடலைப் பார்த்தார். கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டுக்காகக் காத்திருந்தது.

"ரெண்டு தரம்" என்றார் மறுபடி.

நாகப்பட்டினத்தார் பொறுக்காமல் ஐந்து ரூபாய் ஏற்றினார்.

"ரெண்டு தரம்."

"என்ன அம்பலம், மூணு எங்க போச்சு? கடல்ல விழுந்துருச்சா?" தாவூது பாய் இன்னும் ஏற்றினார். குப்பம் விசிலடித்தது. தெட்சிணாமூர்த்தி, "விடாதீங்க மாமா, புடிங்க!" என்று துள்ளினான்.

"ரெண்டு தரம். ரெண்டு தரம்."

வெளியே நின்ற தையல்நாயகி அவர் முகத்தையே பார்த்தாள். விலையைச் சொல்லாமல் அவர் தரம் சொன்னதே கிடையாது. ஏறிய விலை எதையும் அவர் சொல்லவில்லை. துண்டு தோளிலிருந்து வழுக்கி மணலில் கிடந்தது. எடுக்க வேண்டிய வலது கை கயிறு போலத் தொங்கியது. வாயின் வலது ஓரத்திலிருந்து வெற்றிலைச் சாறு தாடை வழியே வடிந்தது. அவர் துடைக்கவில்லை. விலை மேலே போய்க்கொண்டே இருந்தது.

அவள் ஆட்களைப் பிளந்துகொண்டு வட்டத்துக்குள் வந்தாள்.

"மூணு தரம்!" என்று கத்தினாள். "மூணு தரம்! முடிஞ்சுது! வழி விடுங்கய்யா!"

"ஏ தங்கச்சி, இது என்ன..." என்று கோபமாகத் திரும்பிய தாவூது பாய் அம்பலவாணனின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "யா அல்லா" என்றார். சாய்ந்த உடம்பை அவர்தான் முதலில் தாங்கினார். ஐஸ் பெட்டி வந்த வண்டியிலேயே ஏற்றினார்கள். வழி நெடுக அம்பலவாணன் மனைவியின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டு வார்த்தைதான் வந்தது.

டாக்டர் பட்டையைச் சுற்றினார். பாதரசம் மாசியில் நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று.

"மாத்திரை?"

"கோலா முடியற வரைக்கும்னு..." என்று இழுத்தாள். டாக்டர் திட்டவில்லை. உயிர் நிற்கலாம், பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் குஞ்சம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கரையில் வேறொருவர் ஏலம் போட்டாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மூச்சுவிடாமல் முடித்தாராம்.

"வெல கம்மிதான்டி. ஆனா யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். கட்டிலில் கிடந்தவரைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு குவியலுக்கு மட்டும் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அந்தப் புது ஆளு எச்சி முழுங்க நின்னான். அவ்வளவுதான். எல்லாரும் பதறி, மீன விட்டுட்டு அவன் மூஞ்சியப் பாத்தாங்க."