அக்கா கட்டிய வடிவம்

அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஓட்டை எண்ணுறா" என்பேன். கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள், பல வருடங்களாகத் தற்காலிகமாகவே. வளையத்துக்கு ஒரு ஓட்டை, பந்துக்குள் ஒரு வெற்றிடம் என்று ஒவ்வொரு பரிமாணத்திலும் இருப்பதைக் குறித்துவைக்கும் கணக்குக்குக் கோஹோமாலஜி என்று பெயராம். எல்லாரும் வடிவத்தைப் பார்த்துக் கணக்கை எழுதுவார்கள். இவள் தலைகீழ். கணக்கை நீ சொல், அதற்கேற்ற வடிவத்தை நான் கட்டித் தருகிறேன் என்பாள். அதுவும் முனையோ விளிம்போ இல்லாத, மேனிஃபோல்டு என்கிற வழவழப்பான வடிவம். அது முடிந்தால் நிரந்தர வேலை அவளுக்குத்தான் என்று பேச்சு.

கல்லூரியில் அவள் அறையிலேயே இன்னொரு மேசை, அவளைப் போலவே தற்காலிகமாக இருக்கும் சாக்பீஸுக்கு. அவன் சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருப்பதால் நான் வைத்த பெயர். அக்கா, அக்கா என்று என்னைவிட அதிகமாக அவளைக் கூப்பிடுவான். எங்கள் வீட்டில் எத்தனையோ வேளை சாப்பிட்டிருக்கிறான். யோசனை எதுவானாலும் அக்கா அவனிடம்தான் முதலில் சொல்வாள்.

அந்த நிரந்தர வேலைக்கு இருவருமே போட்டி; ஆள் எடுக்கும் முன் ஆளுக்கு ஒரு உரை. அவன் முறை முதலில் வந்தது. அக்காவைக் காரில் கொண்டுவிடப் போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

"கம்பியில ஒரு கூடு கட்டுங்க. மேல களிமண் அப்புங்க. அப்புறம் தோலை மட்டும் உரிச்சு எடுங்க. அந்தத் தோல்தான் நம்ம வடிவம்," என்றான்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் அக்கா எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்! அவள் பெயர் மட்டும் அவன் வாயில் வரவே இல்லை.

துறைத்தலைவர் கேட்டார்: "இது மூடின வடிவமாச்சே. கீழ் பரிமாணத்துல ஒரு ஓட்டை இருந்தா, மேல் பரிமாணத்துல அதோட ஜோடி தானா வந்து நிக்குமே. உங்க கணக்குல அது இல்லையே?"

அந்தச் சிக்கலுக்கு அக்கா வழி கண்டதே போன வாரம்தான், இன்னும் அவனிடம் சொல்லவில்லை. மாட்டினான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பழக்கதோஷம், அவன் அக்கா பக்கம் சாக்பீஸை நீட்டினான். "அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

போனாளே, பாவி! "பரிமாணத்தைக் கூட்டிக்கணும். அப்ப ஜோடியெல்லாம் ரொம்ப மேல போயிடும். நாம கேட்டது கீழ அப்படியே நிக்கும்," என்று எழுதி முடித்தாள். கைதட்டினார்கள்.

"நல்ல உதவியாளர் கிடைச்சிருக்காங்க உங்களுக்கு," என்றார் தலைவர். அவன் மறுக்கவில்லை. சிரித்தான்.

காரில் கத்தினேன். "ஏன்க்கா போன? வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"அந்தக் கணக்கு தப்பா நின்னுச்சுடி. பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருப்பேன்?"

"சரி, உன் உரையில இனிமே என்ன சொல்லுவ?"



வேலை அவனுக்குத்தான் போனது. கூடவே உட்கார்ந்து கழுத்தை அறுத்துவிட்டான். அந்த வாரம் சமையலறையில் நான் வழக்கம்போல "அக்கா" என்றேன். தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். நான்தான் என்று பார்த்த பிறகும் முகம் தெளியவில்லை.

"இனிமே என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு," என்றாள்.