ஊக்கு போட்ட தாலி

அக்காவின் கழுத்தில் எது ஏறினாலும், வெறும் பாசிமணியாக இருந்தாலும், வலது கை தானாகப் பிடரிக்குப் போகும். இரண்டு விரல்களால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். அவள் தொழில் அவள் கைக்குக் கொடுத்த பழக்கம் அது.

தாட்சாயிணி அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மணப்பெண் அலங்காரம் செய்யும் பார்லர்களுக்கு மாடலாக உட்காருவாள். மணிக்கணக்காக அசையக் கூடாது. முகத்தில் ஒருவர், கூந்தலில் ஒருவர், கையில் மருதாணியோடு ஒருவர். தும்மல் வந்தால் சொல்லிவிட்டுத் தும்ம வேண்டும். கடைசியில் படம் எடுப்பார்கள். மணப்பெண் என்றால் கழுத்தில் தாலி வேண்டுமே. அந்த மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட அக்கா யாரையும் விட்டதில்லை. பிடரியில் ஊக்கு குத்தி, தானே மாட்டிக்கொள்வாள். முடிச்சு விழுந்தால்தான் தாலி, அதுவரை அது நகை என்பது அவள் கணக்கு. தடவிப் பார்ப்பது ஊக்கு கழன்றிருக்கிறதா என்றுதான்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதற்குச் சான்றிதழ் இருக்கிறது, வேலை இல்லை. நேர்காணலில் வீட்டைப் பற்றிக் கேட்டால், "அக்கா பார்லரில் வேலை செய்கிறாள்" என்கிறேன். மாடல் என்று சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? அவள் உட்கார்ந்து சம்பாதித்ததில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

போன தை மாதம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. தினேஷ் என்று பெயர். போனில் பேசிப் பார்த்ததில் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. அப்பா தரகரிடம், நான் சொல்கிற மாதிரியே, "பார்லர்ல வேலை" என்று சொல்லி முடித்திருந்தார்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள்தான் அப்பாவுக்கு உறைத்தது. அவர்கள் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில், அம்பத்தூரில், அக்காவுக்குப் பழக்கமான ஷாகிதா புதிதாகப் பார்லர் திறந்திருந்தாள். வாசலில் ஆளுயர பிளெக்ஸ். பட்டுப்புடவையும் மாலையும் தாலியுமாக அதில் அக்கா.

"ஏற்கெனவே ஒருத்தன் கட்டி, அத்துகினு வந்த பொண்ணுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றார் அப்பா. சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

அக்காவும் நானும் ஷாகிதாவிடம் போனோம். பூந்தமல்லிக்காரி. அக்காவை முதன்முதலில் நாற்காலியில் உட்காரவைத்தவள்.

"இன்னாடி தாட்சு, போர்டையே கயட்டச் சொல்றே? அத்தப் பாத்துகினுதான் ரெண்டு கல்யாணப் பார்ட்டி வந்து கீது."

"வேற படம் போட்டுக்கலாம்கா. தாலி இல்லாம, நிச்சயதார்த்த மேக்கப். நானே வந்து உக்கார்றேன். நீ எப்போ கூப்ட்டாலும், ஒரு நாள் முச்சூடும்."

"வாக்கு?"

"வாக்கு."

ஷாகிதா ஸ்டூல் மேல் ஏறித் தானே கட்டுகளை வெட்டினாள். கீழே பிடித்துக்கொண்டிருந்த என்னிடம், "மடிக்காத. மூஞ்சில கோடு வுழும். சுருட்டு," என்றாள்.

மறுநாள் வந்தார்கள். தினேஷின் அம்மா மதிவதனி காபியை முழுவதும் குடித்துவிட்டுக் கேட்டார். "போன வாரம் எங்க நாத்தனார் ஊட்டுக்கு வந்தப்போ அம்பத்தூர்ல ஒரு போர்டு பாத்தேன். இந்தப் பொண்ணுதான். இன்னிக்குப் பாத்தா வெறும் கம்பி நிக்குது. போர்டு இருந்திருந்தா ஒன்னும் கேட்டிருக்க மாட்டேன். இன்னாத்துக்குக் கயட்டுனீங்க?"

மறைத்ததே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்கா எழுந்து உள்ளே போனாள். தொழிலுக்கு எடுத்துப்போகும் பையிலிருந்து அந்த மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து மதிவதனியின் கையில் வைத்தாள்.

"பாருங்க அத்தை, முடிச்சே கெடையாது. ஊக்குதான். யாரும் கட்டல, நானேதான் மாட்டிப்பேன்."

அவர் ஊக்கைத் திறந்தார், மூடினார். "குத்தாதா?"

"மொதல்ல குத்தும்."

"சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துபோனார்கள். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் மூன்று பேரும் அதைப் பார்ப்போம், எடுக்க மாட்டோம். அக்கா பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தாள், கழுத்தில் ஒன்றுமே இல்லாமல்.

புதன்கிழமை மதிவதனியே பேசினார். "பொண்ணு புடிச்சிருக்கு. ஆனா இனிமே படம் கிடம் வாணாம். தாலியோடவும் வாணாம், இல்லாமயும் வாணாம்."

"சரிங்க அத்தை" என்றாள் அக்கா.

கல்யாணத்துக்கு அலங்காரம் செய்தவள் ஷாகிதா. நிபந்தனை தெரிந்திருந்ததால் தன் கடைக்கென்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தினேஷ் முடிச்சுப் போட்டதும் அக்காவின் கை பிடரிக்குப் போனது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது.

பேருந்துக்கு நான் அந்தப் பார்லரைத் தாண்டித்தான் போக வேண்டும். "இன்னாமா பிரியா, உங்கக்கா எப்போ வந்து உக்காரும்?" என்பாள் ஷாகிதா. ஒருநாள், "நான் உக்காரட்டாக்கா?" என்றேன். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"மூஞ்சி நல்லாத்தான் கீது. ஆனா வாக்கு அவ குடுத்தது."

அக்காவிடம் போனில் சொன்னேன். அந்த வீட்டில் யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள். "மறக்கலடி. வேற யாரையும் உக்கார வெக்க வாணாம்னு சொல்லு. வருவேன்னு சொல்லு."

எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. நேற்று ஷாகிதாவின் கண்ணில் படாமல், எதிர்ப்பக்க நடைபாதையில் போனேன். அவள் வாசலில் நின்று கம்பிச் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் யார் படமும் இல்லை.