திருவிருந்துக்கு முன் ஒரு நடை

போன வருடம் சுதந்திர தினம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியில் இருக்கிறது எங்கள் சபை. நான் அங்கே ஓய்வுநாள் பள்ளி டீச்சர். மற்ற நாட்களில் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பெரிய வேத அறிவெல்லாம் கிடையாது.

அன்றைய பாடம் விடுதலை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் தின்ற உற்சாகம் குறையாமல் வந்திருந்தார்கள். நாட்டு விடுதலை என்றால் என்ன என்றதும் ஆளாளுக்குச் சொன்னார்கள். "நம்மள ஆளதுக்கு வேற ஒருத்தரும் வரப்பிடாது, அதாக்கும் டீச்சரே" என்றாள் ஒருத்தி. அதையே பிடித்துக்கொண்டேன். வெளியே யாரும் ஆளாவிட்டாலும் கோபம், பயம், பொய் என்று உள்ளுக்குள் ஏதாவது நம்மை ஆண்டுகொண்டிருக்கும், கிறிஸ்து தரும் விடுதலை அதிலிருந்துதான் என்றேன்.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"அப்ப எங்க அம்மைக்கு விடுதலை இல்ல டீச்சரே."

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் வளைவில் ஜீப் மோதி அவள் அப்பா இறந்துபோனார். ஜீப்பை ஓட்டியவர் எங்கள் சபைக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு. வழக்கு முடிந்தது. அதன் பிறகு அவர் வண்டியையும் தொடவில்லை, சபைக்கும் வரவில்லை. இந்தச் சிறுமியின் அம்மா ஆராதனைக்கு வருவார். ஆனால் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து நேரம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருவர்மேல் பகையை வைத்துக்கொண்டு அப்பத்தை வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

ஜெபம் செய்வோம் என்று சொல்லி நான் பாடத்தை முடித்தேன். ஆனால் அம்மா அழைத்துப்போக வந்ததும் அந்தப் பிள்ளை நேராகவே சொல்லிவிட்டாள். "அம்மா, கோபமும் நம்மள ஆளுமாம். டீச்சர் சொன்னாவ."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என் கணவர் உயிரோடு வீட்டில் இருக்கிறார். எனக்கு என்ன தெரியும் அந்த வலி? அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சருக்கு சொல்லதுக்கு எளுப்பம்" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சொல்வது எனக்கு எளிது என்ற அந்த வார்த்தை வாரம் முழுக்க மனதைவிட்டுப் போகவில்லை. இனிமேல் பிள்ளையை அனுப்பமாட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. நான் சீக்கிரமே போனேன். சபை வாசலில் அந்தச் சிறுமியின் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரே, எனக்கக்கூட ஒரு எடம் வரைக்கும் வருவியளா? தனியே போவ காலு வரல்ல."

எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூடவே நடந்தேன்.

ஜீப் ஓட்டிய அந்த மனிதர் தன் வீட்டு முற்றத்துக் கயிற்றில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த ஷீட் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் மனைவி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"மன்னிச்சாச்சுண்ணு சொல்ல வரல்ல" என்றார் சிறுமியின் அம்மா. "அது எனக்கு இன்னும் முழுசா வரல்ல. ஆனா நீங்க இண்ணைக்கு சபைக்கு வரணும். நீங்க வராம எனக்கும் அந்தத் திருவிருந்து மேசைக்கிட்ட போவ முடியாது."

"எனக்கு அதுக்கு யோக்கியத இல்ல" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"எனக்கும்தான் இல்ல. சட்ட மாத்தீட்டு வாருங்க."

அவர் வந்தார், மனைவியோடு. கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்தார். திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. ஒவ்வொருவராக முன்னால் போனார்கள், அந்த மனிதர் அசையவில்லை. அப்போது சிறுமியின் அம்மா எழுந்தார். வழக்கம்போல வெளியே போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போனது அந்தக் கடைசி வரிசைக்கு. அங்கேயே நின்றார், அந்த மனிதர் எழுந்திருக்கும் வரை.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். அப்பத்தைக் கொடுக்க வந்த போதகரின் கை ஒரு கணம் நின்றுபோனது. பாடிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்தச் சிறுமி பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தாள். இறங்கு என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான் அதுவரை எத்தனையோ திருவிருந்துகளில் பங்குபெற்றிருக்கிறேன். ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்று உடம்பு சிலிர்த்து உணர்ந்தது அன்றைக்குத்தான்.

பிறகொரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், இப்போது எப்படி இருக்கிறது என்று.

"நெஞ்சில கனம் கொறவுண்டு. செல நாளு கோவம் பின்னயும் வருகு" என்றார். "வந்தா பின்னயும் அந்த வீட்டுக்குப் போவேன். அவ்வளவுதான்."

நாட்டு விடுதலைக்காக நடந்தவர்களைப் பற்றி நான் பாடத்தில் படித்ததோடு சரி. ஆத்தும விடுதலைக்காக ஒரு பெண் நடந்தபோது அவர் பக்கத்தில் நடக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது, அதன் பிறகு விடுதலை என்ற சொல்லை நான் பிள்ளைகளிடம் எளிதாகச் சொல்வதே இல்லை.