பூண்டு சேர்க்காத வீட்டில் பூண்டு வாசனை

பூண்டு நசுக்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் பாதங்கள் தரையைத் தேடுகின்றன. மூக்கு அல்ல, பாதங்கள். திருச்சியின் தென்னூர்ச் சந்துகளில் நடந்துகொண்டிருப்பவன் சட்டென்று நின்று, குனிந்து, இரண்டு கால்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வாசனை முதலில் ஒரு கல்லிலிருந்துதான் வந்தது.

ஆபீஸ் விட்டதும் ஆற்று மணலிலும் கல் உடைக்கும் இடங்களிலும் அலைந்து கல் பொறுக்குவது என் பழக்கம். தென்னூரில் பழைய உலோகக் கடை வைத்திருந்த காதர் பாய்க்கும் அதே பைத்தியம். தங்கச் சுரங்கப் பக்கமிருந்து வந்த கழிவு மூட்டையில் அவர் அதைக் கண்டெடுத்தார். கை கொள்ளாத கனம். மேலே கரி. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உடைந்த முகம் ஈயம் பூசிய பாத்திரம்போலப் பளீரென்றது.

"என்ன சாமி, கல்லுக்குள்ள யாரோ ரசம் வெக்கிறாங்க!" என்றார்.

ஆர்சனிக் (பாஷாணங்களுக்குள் இருக்கும் உலோகம்) தனியாகக் கட்டியாய்க் கிடைப்பது அபூர்வம் என்றும், அடித்தால் பூண்டு மணக்கும் என்றும் படித்திருந்தேன். விஷம் என்றும் படித்திருந்தேன். விஷமென்றால் தின்றால்தானே?

கட்டியை அவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். உறுதி செய்ய, உரசிப் பார்த்துக் கோட்டின் நிறம் அறிய வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சுக்கும் ஜாதிக்காயும் உரைக்கும் கல் இருந்தது. அதில் உரசினேன். சாம்பல் கோடு விழுந்தது. கழுவிவிட்டேன். ஆனால் உரசிய கட்டியின் பளபளப்பு நிற்கவில்லை. சில நாளில் மறுபடி கறுத்தது. மறுபடி உரசினேன். அந்த வெளிச்சத்தை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வயிறு பிசைய ஆரம்பித்தது. என் மனைவி வேதவல்லி சுக்கு உரைத்துக் கொடுத்தாள். வலி கூடியது. இன்னும் கொஞ்சம் உரைத்தாள்.

ஒரு காலை அவள் என் முகத்தருகே வந்து விலகினாள்.

"ஏன்னா, எங்கே சாப்ட்டேள்?"

"எங்கேயும் இல்லையே."

"வாயில பூண்டு நாத்தம். அந்த பாய் ஆத்துலதானே? இனிமே அங்கே போகாதேங்கோ."

சத்தியம் செய்தேன். என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது: சாப்பிட்டுவிட்டு மறந்தேனா?

பிறகு பாதம் மரத்தது. செருப்பு கழன்றதை அறியாமல் உத்தர வீதி முழுக்க நடந்திருக்கிறேன். விரல்களில் பேனா நழுவியது. எழுதிய வரி பாதியில் சரிந்து தாளை விட்டே இறங்கியது. குஷ்டமோ என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். ஒருவரும் சொல்லவில்லை.

திருச்சியில் முதலில் பார்த்த டாக்டர் பெரிபெரி (சத்துக் குறைவால் நரம்பு தளரும் நோய்) என்று ஊசி போட்டார். பயனில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அங்கே சில நாள் தேறினேன். வீடு திரும்பியதும் பழையபடி விழுந்தேன். வீடுதான் எனக்கு ஆகவில்லையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

இரண்டாம் முறை சேர்த்தபோது பெரிய டாக்டர் என் நகங்களைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் குறுக்கே வெள்ளைக் கோடு.

"அம்மா, வேற ஏதாவது கவனிச்சீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

வேதவல்லி புடவைத் தலைப்பை முறுக்கினாள். முதல் டாக்டரிடமும் அவள் இப்படித்தான் நின்றாள். சட்டென்று அழுதுவிட்டாள்.

"நாங்க பூண்டு சேர்க்கறதில்லை டாக்டர். ஆனா இவர் மூச்சுல எப்பவும்... மானம் போறதேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டர் என் வாயருகே குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"நீங்க என்ன வேலைங்க செய்யறீங்க? மருந்து, உலோகம், ஏதாவது கையாளுறீங்களா?"

கல்லைச் சொன்னேன். அதை உரசிய உரைகல்லிலேயே சுக்கு உரைத்ததைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அவள்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே தன் கைகளைப் பார்த்தாள்.

சென்னையிலிருந்து பி.ஏ.எல். (உலோக விஷத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் இறங்கும் மருந்து) வந்தது. கடலை எண்ணெயில் கலந்த ஊசி. உடம்பெல்லாம் எரியும், கண்ணில் தானாக நீர் வழியும். உரைகல்லை ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த உலோகக் கட்டி ஒரு கல்லூரி அலமாரிக்கு, மூடிய கண்ணாடிக்குள் போயிற்று.

இதைப் படிக்கிற நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். எதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறதோ, அதை முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு நாட்காட்டி பயன்படவில்லை. நகத்தின் வெள்ளைக் கோடு நுனி நோக்கி நகர்ந்ததுதான் காலம். விஷம் என்னை விட்டு நகர்ந்துகொண்டே, என்மேலேயே இருந்தது. வேதவல்லி தினமும் காலையில் முகத்தருகே வந்து, "இல்லை" என்பாள். ஒருநாள் அந்தக் கோட்டை வெட்டி எறிந்தோம்.

காதர் பாய் பினாங்கில் இருந்த அண்ணன் கடைக்குப் போவதாக முடிவானது. நாகப்பட்டினத்தில் கப்பல். வேதவல்லி வழிக்குப் புளியோதரை கட்டித் தந்தாள். அவள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். திருச்சி ஜங்ஷனில் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துச் சிரித்தார் அவர்.

"பூண்டு இல்லையே சாமி!"

ரயில் அசைந்தது. பிளாட்பாரம் அசைகிறதா, நான் அசைகிறேனா, தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாதம் தெரியுதா?" என்றார்.

"வலது தெரியறது. இடது இன்னும் யாருடையதோ மாதிரி இருக்கு."

என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"அப்ப வலது காலை எடுத்து வெச்சு வீட்டுக்குப் போங்க சாமி. மத்தது பின்னாடியே வந்துடும்."