மூன்று அழைப்புகள்

ஆரணியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். கடல் கடந்த ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் புகார்களை நாங்கள் இங்கே உட்கார்ந்து தீர்த்துவைக்கிறோம். தீர்த்துவைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, பாதியை மூடித்தான் வைக்கிறோம். வாடிக்கையாளரை மூன்று முறை போனில் அழைக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் 'பதில் இல்லை' என்று போட்டுக் கேஸை மூடிவிடலாம். அதில் நான் படு கெட்டிக்காரி. டீம் லீடர் ஆனதே அப்படித்தான்.

சென்ற வருடம் அந்த வெளிநாட்டுக் கம்பெனி எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. தன் வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் சுற்றியுள்ள மக்களுக்கும் ஏதாவது நல்லது செய்து காட்ட வேண்டுமாம். அதற்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். பக்கத்து முள்ளிப்பட்டில் நெசவாளர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுப்பது என்று முடிவாயிற்று.

"நீ அந்த ஊர்ப் பொண்ணாச்சே, நீயே பாத்துக்கோ" என்று மேனேஜர் பொறுப்பை என் தலையில் கட்டினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

முகாம் நன்றாகவே நடந்தது. ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா, டாக்டர் மாட்டிவிட்ட சோதனைக் கண்ணாடியோடு கடைசி வரி எழுத்துவரை படித்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி எங்கள் வரவேற்பறையில் மாட்டினோம்.

அடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். புகார்ப் பட்டியலைப் போலவே அந்தப் பட்டியலையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆளுக்கொரு எண், ஆளுக்கு மூன்று அழைப்பு. கடைசியில் ஓர் எண் மட்டும் பாக்கி. காலை பத்து மணிக்கு அழைத்தேன், பதினொன்றுக்கு அழைத்தேன், பன்னிரண்டுக்கும் அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அன்று மதியம் அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்றாவது தடவையும் மணி அடித்து ஓய்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் தறி வீட்டில் பிறந்தவள். அம்மா குழித்தறியில் இறங்கிவிட்டால் கால் மிதியில் இருக்கும், கை ஊடு நூல் ஓட்டும் நாடாவில் இருக்கும். நடுவில் கூப்பிட்டால் திட்டு விழும். வாசலில் விருந்தாளியே வந்து நின்றாலும் அவள் சாப்பிட ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பன்னிரண்டரைக்கு மேல் தெருவில் தறிச் சத்தம் நிற்கும். பேச வேண்டியதை அப்போது பேசுவார்கள். முள்ளிப்பட்டில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நான் பன்னிரண்டரைக்குக் கூப்பிடவில்லை. 'பதில் இல்லை' என்று போட்டேன். ஒரு கேஸ்கூட நிலுவை இல்லை என்று அறிக்கை போயிற்று. வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. கேக் வெட்டினோம், எனக்குத்தான் முதல் துண்டு.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். படத்தில் சிரித்த அதே அக்கா. தன் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அது தான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் முகாமில் கொடுத்த கண் அளவுச் சீட்டு.

"எல்லாருக்கும் கண்ணாடி வந்துச்சிமா. எனக்கு மட்டும் வரல."

கம்ப்யூட்டரில் பார்த்தேன். அந்தக் கடைசி எண் இவருடையது.

"மூணு வாட்டி கூப்பிட்டோங்க. நீங்க எடுக்கலியே."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "தறியில நெய்ஞ்சிகினு இருந்திருப்பேன். தப்பு என் மேலதாம்மா. போனைப் பக்கத்துல வெச்சிகினு குந்தியிருக்கணும். பொடவைக் கரையில இழை வுட்டுப் போவுதுன்னு மொதலாளி ஒரே பேஜார் பண்றாரு. அடுத்த நெசவுக்குப் பாவு நூலு தர மாட்டேன்றாரு. இந்தப் பாவு முடியறதுக்குள்ள கண்ணாடி வந்துட்டா சமாளிச்சிப்பேன்."

தப்பு உங்களுடையது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூடிய கேஸைத் திறந்தால் அந்தப் பிழை என் பெயரில் ஏறும். "மேல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சீட்டு இரண்டு வாரத்துக்கு மேல் என் மேசை டிராயரில் கிடந்தது. தினமும் உள்ளே வரும்போது படத்தில் அக்கா சிரிப்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல், அலுவலகத்துக்குத் தெரியாமல், பஜாரில் ஒரு கடையில் சீட்டைக் கொடுத்துக் கண்ணாடி செய்யச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டரைக்கு மேல்தான் போனேன், அந்த மரியாதை மட்டும் அப்போது நினைவுக்கு வந்தது.

தறியில் பாவு இல்லை. குழியின் மேல் பலகை போட்டு மூடியிருந்தது. அக்கா வேறு யாருக்கோ நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எனக்கோசரம் இம்மாந்தூரம் வந்தியாம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரல்களைப் பார்த்தார், வெறும் தறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கோயில் தெரு தறிக்கார வூட்டுப் பொண்ணு இல்ல? அப்படியே உங்கம்மா மூஞ்சி."

"ஆமாங்க."

சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்ப உனக்குத் தெரியுமேம்மா, நாங்க எப்ப போன் எடுப்போம்னு."