ஒரு கைப்பிடி பழைய கூடு

எங்கள் கட்டடத்தில் என்னைவிடப் பெரிய மடையன் யாராவது இருந்தால், அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தது நானாகத்தான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம்.

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஆராய்ச்சி" என்பேன். செய்வது கூண்டு கழுவுவது. இரட்டைக் கையுறை, முகக்கவசம், நாளெல்லாம் இரைகிற காற்று இயந்திரம், ஐம்பதைத் தாண்டிய முழங்கால். சாயங்காலம் பேருந்தில் உட்கார்ந்தால் என் நிறுத்தம் வந்தும் எழுந்திருக்க மனம் வராது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் எலிகளும் என் பொறுப்பில் இருந்தன. பாதி எலிகளுக்குத் தினமும் குழாய் வழியாக வயிற்றுக்குள் ஒரு நல்ல பாக்டீரியா. மீதிப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். சில வாரம் கழித்து எல்லாவற்றுக்கும் மூக்கில் சளிக்காய்ச்சல் வைரஸ். பாக்டீரியா குடித்தவை உடம்பின் சொந்தக் காவலை உசுப்பிக்கொண்டு நிமிர்ந்து நிற்கவேண்டும், மற்றவை இளைத்துப் படுக்கவேண்டும். அது அவளுடைய கடைசிச் சோதனை.

ஒன்றுகூடப் படுக்கவில்லை. உப்புத் தண்ணீர்க் கோஷ்டியும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கொழுகொழுவென்று திரிந்தது.

வைரஸ் செத்துப்போயிருக்கும் என்று நினைத்து மூன்று முறை சோதித்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. நீதான் எங்கேயோ கோட்டைவிட்டிருக்கிறாய் என்றார் பேராசிரியர். திங்கட்கிழமைக்குள் காரணம் சொன்னால் இன்னொரு முறை செய்யலாம், இல்லையென்றால் அதோடு சரி. அந்தச் சோதனை இல்லாமல் அவளுக்குப் பட்டம் இல்லை. இந்த ஊரில் தங்குவதற்கான மாணவர் பாஸும் முடியப்போகிறது. கண்ணுக்குக் கீழே கறுத்து, என் நகைச்சுவைக்குக்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். முன்பும் பெரிதாகச் சிரித்ததில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை வேறு எலிகளுக்குக் கூண்டு மாற்றிக்கொண்டிருந்தேன். புதுக் கூண்டில் எலி மிரளாமல் இருக்க, அதன் பழைய கூட்டிலிருந்து ஒரு கைப்பிடி காகிதத் துருவல் எடுத்துப் போடுவது வழக்கம். அந்தந்தக் கூண்டுக்கு அதனதன் கூடு. நானோ குனிந்து நிமிர அலுத்துப்போய், சில மாதமாகவே எல்லாப் பழைய கூட்டையும் ஒரே தொட்டியில் கொட்டி, ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய எலிகளுக்கும் அதே தொட்டிதான். எல்லாம் ஒரே எலி மூத்திரம்தானே என்று நினைப்பு.

அப்போது ஓர் எலி என் கண்ணெதிரே ஒரு புழுக்கையை இரண்டு கையாலும் பிடித்து, பிஸ்கட் மாதிரி கடித்தது.

எலி தன் புழுக்கையைத் தின்னும். அடுத்த வீட்டுப் புழுக்கை கிடைத்தாலும் தின்னும். பல வருஷமாக எனக்குத் தெரியும். அவள் பார்த்துப் பார்த்துப் பாதிப் பேருக்கு ஊட்டிய பாக்டீரியாவை, நான் புழுக்கையோடு மீதிப் பேருக்கும் அள்ளி விருந்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் காய்கறிப் பையோடு அவளைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நாலு பெண்களோடு அறை எடுத்திருக்கிறாள். பேசாமல் போய்விடலாமா என்று முருங்கைக்காய்க்குப் பின்னால் ஒருகணம் ஒதுங்கியது உண்மை. என் உடம்பை மறைக்கிற முருங்கைக்காய் இன்னும் விளையவில்லை.

"என்னண்ணே, ஒளியிறீங்க?"

அங்கேயே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, கைப்பிடி, புழுக்கை. அவள் முன்னால் வைத்த தே தாரிக்கை, அந்த நுரைத்த பால் தேநீரை, தொடவே இல்லை. மேலே ஆடை படிந்தது.

"எத்தனை வாரமா இப்படி?"

"நீ ஊட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்தும்மா."

நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும். வாயைத் திறந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

"ஒண்ணு பாரும்மா, உன் பாக்டீரியா பிரமாதம் லா. நீ ஊட்டாத எலியைக்கூடக் காப்பாத்தியிருக்கு. தப்பு உன் மேல இல்ல, முழுக்க இந்தக் கிழவன் மேலதான்."

அவள் பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"அதை அப்படியே பேராசிரியருக்கு எழுதிக் கையெழுத்துப் போடுங்கண்ணே."